புள்ளலூர்ப் போருக்கு உலோகச் சிப்பாய்கள்: அளவு தேர்ந்தெடுத்த அனுபவம்

காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள புள்ளலூரில் 1780 செப்டம்பர் 10 அன்று கர்னல் வில்லியம் பெய்லியின் படையை ஐதர் அலியும் திப்புவும் சூழ்ந்து அழித்த போரை மேசைமேல் ஆடுவதற்காக, ஒரு புதிய மினியேச்சர் தொகுதியை நானே வடிவமைத்து வார்க்கத் தொடங்கியிருக்கிறேன். கும்பெனியின் சென்னைச் சிப்பாய்கள், 73-ஆம் ஹைலேண்டர் படையின் இரண்டு கம்பெனிகள், மைசூர்க் காலாட்படை, ராக்கெட் வீரர்கள், குதிரைப்படை, பீரங்கிகள், அவற்றை இழுக்கும் மாடுகள் என்று பட்டியல் நீளமானது. இவற்றில் எதையும் செதுக்கத் தொடங்குவதற்கு முன் தீர்த்துக்கொள்ள வேண்டியது அளவு. தொகுதியின் முதல் உருவம் வெளியே போன பிறகு அளவை மாற்ற முடியாது; வாங்கியவர் அடுத்த உருவமும் அதே உயரத்தில் வரும் என்று நம்பித்தான் வாங்குகிறார்.

பெரும்பாலும் இந்த முடிவைச் சந்தையைப் பார்த்து எடுப்பார்கள். 28 மி.மீ. அதிகம் விற்கிறது, ஆகவே 28. பெரிய போர்களை ஆடுகிறவர்கள் 6 அல்லது 10 வாங்குகிறார்கள், ஆகவே 10. அது தவறான வழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மில்லிமீட்டர் எண்கள் எதை அளக்கின்றன என்பதில் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. சிலர் உள்ளங்காலிலிருந்து கண் வரை அளக்கிறார்கள். சிலர் உச்சந்தலை வரை. வேறு சிலர் தொப்பியையும் சேர்த்துக்கொள்கிறார்கள் என்றே ஐயப்படத் தோன்றும். 1970-களின் தொடக்கத்தில் 15 மி.மீ. என்ற பெயரில் வந்த உருவங்களின் வழித்தோன்றல்கள் இன்று 18 மி.மீ. வரை வளர்ந்து நிற்கின்றன. எனவே மில்லிமீட்டர் பெயரை ஒதுக்கிவிட்டு, விகிதத்தில் மட்டுமே யோசிப்பது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்துகொண்டேன். ஒரு சிப்பாயின் உயரம் 1.65 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அவர் 1/56-இல் 29.5 மி.மீ., 1/72-இல் 22.9, 1/100-இல் 16.5, 1/150-இல் 11, 1/300-இல் 5.5. இதில் எந்தக் குழப்பமும் இல்லை. வேடிக்கை என்னவென்றால், 1/100 அளவில் அதே சிப்பாயின் கண்மட்டம் ஏறக்குறைய 15.4 மி.மீ. உயரத்திலும், தலைப்பாகையின் உச்சி 18 மி.மீ. உயரத்திலும் வரும். ஒரே பொம்மையை ஒருவர் 15 என்றும் மற்றொருவர் 18 என்றும் விற்கலாம். இருவரும் பொய் சொல்லவில்லை.

அடுத்தது மேசையின் கணக்கு. எங்கள் குழுவின் மேசை ஆறடிக்கு நாலடி, அதாவது ஏறத்தாழ 1,800 மி.மீ. நீளமும் 1,200 மி.மீ. அகலமும் கொண்டது. தரையில் ஒரு மீட்டருக்கு மேசையில் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் 1.8 கிலோமீட்டர் நீளமுள்ள போர்க்களம் கிடைக்கிறது. பெய்லியின் இறுதி நிலையையும் அதைச் சுற்றி வளைத்த படைகளையும் காட்ட இது போதும். ஐந்நூறு பேர் கொண்ட ஒரு பட்டாளம் இரண்டு வரிசையாகத் தோளோடு தோள் உரச நின்றால், ஆளுக்கு 55 சென்டிமீட்டர் வீதம் ஏறக்குறைய 137 மீட்டர் அகலம் பிடிக்கும். மேசையில் அது 137 மி.மீ. இந்த இடத்தில் 1/56 பொம்மைகளை நிறுத்தினால், ஒன்றுக்கு 20 மி.மீ. இடம் வேண்டும் என்பதால், வரிசைக்கு ஏழு பேர், மொத்தம் பதினான்கு பேர். 1/100-இல் இருபத்து நான்கு பேரும், 1/150-இல் நாற்பது பேரும், 1/300-இல் அறுபது பேரும் நிற்கலாம். பதினான்கு பேரைப் பார்த்தால் காவல் மாற்றும் குழு போலத் தெரிகிறதே தவிர, பட்டாளமாகத் தெரிவதில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. மெய்யான இரண்டு வரிசையின் ஆழம் மூன்று மீட்டரைத் தாண்டாது; 1/56 பொம்மைகளின் இரண்டு வரிசைக்கு 40 மி.மீ. ஆழமுள்ள அடித்தட்டு (பொம்மைகளை ஒட்டி நிறுத்தும் தட்டு) வேண்டும், அதாவது தரைக்கணக்கில் நாற்பது மீட்டர். நான்கு பக்கமும் வெளியே பார்த்து நிற்கும் சதுர வியூகம்தான் இந்தப் போரின் உச்சக்கட்டம் என்பதால், சதுரத்தின் சுவர் தடித்துப் போனால் உள்ளே வெடிமருந்து வண்டி வைக்கவே இடம் இருக்காது. அந்த வண்டிகள் வெடித்துச் சிதறியதுதான் ஆட்டத்தின் திருப்பம்.

இதுவரை சொன்னதெல்லாம் சிறிய அளவின் பக்கம் சாய்கிற வாதங்கள். இத்தோடு நிறுத்தியிருந்தால் நேரே 1/300-க்குப் போயிருப்பேன். ஆனால் ஒரு தொகுதியின் அளவைச் சாதாரணச் சிப்பாயை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பது என் கருத்து. சிப்பாய் எந்த அளவிலும் எப்படியோ பிழைத்துக்கொள்வார். தொகுதியில் உள்ளவற்றிலேயே மிக மெல்லிய பொருள் எது, மிக நீளமான பொருள் எது என்று பார்க்க வேண்டும். முன்னது அளவைப் பெரிதாக்கச் சொல்லும், பின்னது சிறிதாக்கச் சொல்லும், இரண்டும் பொறுத்துக்கொள்கிற இடைவெளிக்குள்தான் நமக்குத் தேர்வுரிமை இருக்கிறது. எனக்கு மெல்லிய பொருள் மைசூர் ராக்கெட். நீளமான பொருள் பீரங்கி இழுக்கும் மாட்டு வரிசை.

மைசூர் ராக்கெட்டுகளில் எஞ்சி, அளக்கப்பட்டவற்றில் ஒன்றின் இரும்புக் குழாய் 58 மி.மீ. விட்டமும் 254 மி.மீ. நீளமும் கொண்டது, அதைத் தோல்வாரால் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான வாளோடு கட்டியிருந்தார்கள். மற்றொன்று 37 மி.மீ. விட்டமுள்ளது, அதற்கு 1.9 மீட்டர் மூங்கில். பெரிய குழாயையே எடுத்துக்கொண்டால் 1/56-இல் அதன் விட்டம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேல், உள்ளபடியே வார்க்கலாம். 1/100-இல் 0.58 மி.மீ.; ஒன்றரை மடங்கு தடிக்க வைத்தால் உலோகம் ஓடும், கண்ணுக்கும் உறுத்தாது. 1/150-இல் 0.39. 1/300-இல் 0.19, அதை வார்க்கக்கூடிய தடிமனுக்குக் கொண்டுவர மூன்று மடங்குக்கு மேல் ஊதிப் பெருக்க வேண்டும், அப்போது ராக்கெட் வீரர் தோளில் உலக்கை சுமப்பவர் போல ஆகிவிடுவார்.

மாட்டு வரிசையின் கணக்கு இதற்கு நேர் எதிர். அந்தக் காலத்துக் கர்நாடகப் போர்கள் எல்லாமே மாடுகளின் போர்கள். பீரங்கி நகர்ந்ததும் அரிசி நகர்ந்ததும் அவற்றால்தான். ஒரு கனமான பீரங்கிக்கு ஆறு ஜோடி என்று வைத்துக்கொண்டால்கூட, ஜோடிக்கு இரண்டரை மீட்டர், பீரங்கிக்கும் முன்வண்டிக்கும் ஐந்து மீட்டர் என ஒரே பீரங்கி இருபது மீட்டர் நீள்கிறது. 1/56-இல் அது 357 மி.மீ.; என் மேசையின் அகலத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தரைக்கணக்கில் முந்நூற்றைம்பது மீட்டருக்கு நீண்டு கிடக்கும் ஒற்றைப் பீரங்கியை வைத்துக்கொண்டு எந்தப் போரை ஆடுவது? 1/72-இல் 278 மி.மீ., 1/100-இல் 200 மி.மீ. கடைசி எண்ணும் அதிகம்தான். ஆனால் 1/100-இல் இரண்டு ஜோடியாகக் குறைத்துக்கொண்டால் 100 மி.மீ.க்குள் அடங்குகிறது, மாட்டு வரிசை என்ற தோற்றமும் மிஞ்சுகிறது.

ஆகவே போட்டி 1/72, 1/100, 1/150 ஆகிய மூன்றுக்குள் சுருங்கியது. காகிதத்தில் பார்த்தது போதும் என்று ஒரே சிப்பாய் உருவத்தைக் கணினியில் செதுக்கி, முதலில் பார்த்த ஐந்து விகிதங்களிலும் ரெசின் பிரிண்டரில் எடுத்தேன். வெறும் அளவை மட்டும் சுருக்கி எடுத்தவற்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்லக் கூடாது. கும்பெனிச் சிப்பாயின் மார்பில் குறுக்காகப் போகும் தோல்பட்டையின் அகலம் 5 சென்டிமீட்டர், தடிமன் 4 மி.மீ. என்று கொண்டால், 1/100-இல் அகலம் அரை மில்லிமீட்டராக நிற்கும், தடிமன் 0.04 மி.மீ. ஆகிக் காணாமல் போய்விடும். வண்ணக் கழுவல் (பள்ளங்களில் இறங்கும் நீர்த்த வண்ணம்) தேங்குவதற்கும் உலர்தூரிகை (மேடுகளில் மட்டும் வண்ணம் ஏற்றும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகை) உரசுவதற்கும் குறைந்தது 0.2 மி.மீ. மேடு வேண்டும். இப்படி ஒவ்வோர் அளவுக்கும் பட்டை, மடிப்பு, விரல், துப்பாக்கி எல்லாவற்றையும் தனித்தனியே தடிக்க வைத்த பிறகுதான் ஐந்தையும் ஒரே சாம்பல் நிற அடிப்பூச்சு கொடுத்து, ஒரே பலகையில் வரிசையாக நிறுத்தினேன்.

விளையாடுகிறவர் மேசைக்கு வெளியே நின்று பார்க்கிறார். மேசை நடுவிலுள்ள பட்டாளத்துக்கும் அவர் கண்ணுக்கும் இடையே ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் இருக்கும். அந்தத் தொலைவிலிருந்துதான் பார்த்தேன், குழுவிலிருந்த மற்றவர்களையும் பார்க்கச் சொன்னேன். 1/56 உருவத்தில் அரைக்கால்சட்டையின் ஓரத்தில் ஓடும் நீலப் பல்வரிசைக் கோலம்கூடத் தெரிந்தது. 1/72-இலும் முயன்றால் தெரிந்தது. 1/100-இல் அது வெறும் நீலப் புள்ளிகள். ஆனால் தலைப்பாகையின் வடிவமும், முழங்காலுக்குக் கீழே வெறுமையாக இருக்கும் கால்களும், துப்பாக்கி சாய்ந்திருக்கும் கோணமும் தெளிவாக இருந்தன. 1/150-க்கு இறங்கியதும் சிப்பாய் சிப்பாயாகவே தெரிந்தார், ஆனால் அவர் அருகே நிறுத்திய ராக்கெட் வீரரையும் அவரையும் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. நண்பர் ஒருவர், வண்ணத்தால் வேறுபடுத்தலாமே என்றார். படையில் பாதி வண்ணத்தை நம்பியே அடையாளம் காணப்பட வேண்டுமென்றால் உருவம் செதுக்குவதற்கே பொருளில்லை என்பது என் பதில். அந்தக் காரணம் ஒன்றுக்காகவே 1/150-ஐ ஒதுக்கினேன். வேறு போருக்கு, எடுத்துக்காட்டாக இரு தரப்பும் ஒரே மாதிரித் துப்பாக்கிக் காலாட்படையாக நிற்கும் ஐரோப்பியக் களத்துக்கு, இதே 1/150-தான் என் முதல் தேர்வாக இருக்கும்.

1/72-ஐ விட்டதற்குக் காரணம் வேறு. அது அருமையான அளவு. ஆறடி மனிதன் சரியாக ஓர் அங்குலம் ஆகிவிடுவதால் மனக்கணக்குக்கும் எளிது. 1959-இல் ஏர்ஃபிக்ஸ் தொடங்கிவைத்த சிறு பிளாஸ்டிக் வீரர்களின் பெட்டிகள், இன்று இத்தாலெரி, ஸ்வெஸ்டா போன்றவற்றின் பெட்டிகளாகத் தொடர்கின்றன. சிக்கலும் அங்கேதான். அந்த உயரத்தைக் கண்டதும் வாங்குகிறவர் மனத்தில் பிளாஸ்டிக்கின் விலைதான் வருகிறது. எனக்கோ உலோகமும் உழைப்பும் 1/56 பொம்மைக்கு ஆவதில் பாதியாவது ஆகிவிடுகிறது. பிளாஸ்டிக்கில் போடுவதற்கான எஃகு அச்சுக்குச் செலவழிக்க எனக்கு வசதியில்லை.

எஞ்சியது 1/100. உலோகக் கணக்கும் அதன் பக்கமே பேசுகிறது. உயரம் குறையும்போது பருமன் முப்படியாகக் குறைவதால், 1/56 பொம்மை ஒன்றுக்கு ஆகும் உலோகத்தில் 1/100 பொம்மைகள் ஐந்துக்கு மேல் வார்க்கலாம். பதினான்கு பேர் கொண்ட 1/56 பட்டாளத்தையும் இருபத்து நான்கு பேர் கொண்ட 1/100 பட்டாளத்தையும் ஒப்பிட்டால் முன்னதற்கு மூன்று மடங்குக்கு மேல் உலோகம் தேவை. நடைமுறையில், சிறியவற்றில் கைகால்களைத் தடிக்க வைப்பதால் இந்த வேறுபாடு கொஞ்சம் சுருங்கும்.

அடித்தட்டை 30-க்கு 30 மி.மீ. சதுரமாக வைத்தேன். ஒரு தட்டில் மூன்று பேர் வீதம் இரண்டு வரிசை, ஆக ஆறு பேர். நான்கு தட்டுகள் சேர்ந்தால் இருபத்து நான்கு பேர், 120 மி.மீ. முகப்பு. கணக்குப்படி வர வேண்டிய 137-ஐ விடக் குறைவுதான், ஆனால் போரில் பட்டாளங்கள் முழு எண்ணிக்கையோடு நின்றதாக எந்த நாட்குறிப்பும் சொல்வதில்லை. நான்கு தட்டுகள் என்பதில் இன்னொரு வசதி உண்டு: பக்கத்துக்கு ஒன்றாக வெளிப்புறம் திருப்பி வைத்தால் சதுர வியூகம் தானாக அமைந்துவிடுகிறது. ஒரு பொம்மை ஏறக்குறைய இருபத்தொரு பேருக்குச் சமம் என்பதால், 3,800 பேர் அளவில் இருந்த பெய்லியின் படை மொத்தத்துக்கும் நூற்றெண்பது பொம்மைகள் போதும். ஒருவர் வண்ணம் தீட்டி முடிக்கக்கூடிய எண்ணிக்கை.

முன்மாதிரி செதுக்கும்போது எதைப் பெரிதாக்கலாம், எதைத் தொடக்கூடாது என்று ஒரு விதி வகுத்துக்கொண்டேன். உயரம், கை கால் நீளம், சக்கர விட்டம், மாட்டின் முதுகுயரம் ஆகியவை விகிதத்திலிருந்து பிசகக்கூடாது. தடிமன்கள் மட்டும் வளரலாம். மெய்யான தலை ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் என்பதால் 1/100-இல் 2.2 மி.மீ.; அதை 2.5 வரை அனுமதித்தேன், அதற்குமேல் போனால் குழந்தை முகம் வந்துவிடுகிறது. சிப்பாய்கள் ஏந்திய பிரௌன் பெஸ் என்ற துப்பாக்கியின் நீளம் 1.49 மீட்டர், ஆகவே 14.9 மி.மீ.; நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டேன். குழலின் வெளிவிட்டம் 0.22 மி.மீ.தான் வர வேண்டும், வார்ப்புக்காக 0.8 ஆக்கினேன். துப்பாக்கியை உடலோடும் தோளோடும் ஒட்டியே செதுக்கியதால் இந்தத் தடிமன் கண்ணை உறுத்தவில்லை. தனியே நீட்டிப் பிடித்த துப்பாக்கி ஒன்றைக்கூட இந்தத் தொகுதியில் வைக்கவில்லை.

அச்செடுக்கும் பகுதியில் ரெசின் முன்மாதிரிக்குத் தனிக் கவனம் தேவை. வல்கனைஸ் செய்யும் (சூடாக்கி அழுத்தி இறுக்கும்) ரப்பர் அச்சின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சாதாரண ரெசின் தாங்காது. அறை வெப்பத்தில் இறுகும் சிலிக்கோன்தான் ஏற்றது. அதிலும் பிளாட்டினம் வகைச் சிலிக்கோன், பிரிண்டர் ரெசினைத் தொடும் இடத்தில் பிசுபிசுப்பாகவே நின்றுவிடக் கூடும் என்பதால், டின் வகையில் வெப்பம் தாங்கும் சிலிக்கோனை எடுத்துக்கொண்டேன். முன்மாதிரிகளை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, புற ஊதா விளக்கில் நன்றாக இறுக்கிய பிறகு, பாதி உடல் வரை களிமண்ணில் புதைத்து முதல் பாதியை ஊற்றினேன். அது இறுகியதும் களிமண்ணை நீக்கி, வாசலின் தடவி, மறுபாதி. வாசலின் தடவாவிட்டால் சிலிக்கோன் சிலிக்கோனோடு ஒட்டிக்கொண்டு அச்சு ஒரே கட்டியாகிவிடும்.

காரீயம் கலக்காத வெள்ளீயக் கலவையைத்தான் உருக்குகிறேன். தூய வெள்ளீயம் 232 பாகை செல்சியஸிலேயே உருகும். ஆனால் துப்பாக்கி முனை வரை உலோகம் ஓட வேண்டுமென்றால் 280-க்கு மேல் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அச்சின் உட்புறம் டால்க் பவுடரைத் தூவி, ஊதி உதிர்த்துவிட்டு ஊற்றினால், பவுடரின் நுண்ணிய இடுக்குகள் வழியே காற்று வெளியேறி உலோகம் மூலை வரை பரவுகிறது. அப்படியும் குத்தீட்டி முனை மழுங்கியே வந்தது. முனையிலிருந்து அச்சின் ஓரம் வரை கத்தியால் மயிரிழை அளவுக்குக் காற்றுவழி கீறிவிட்டதும் முழுதாக வந்தது. வார்ப்பை வெர்னியர் காலிப்பரில் அளந்தபோது 16.5 இருக்க வேண்டிய இடத்தில் 16.2 காட்டியது, உலோகம் குளிரும்போது சுருங்குவதும் அச்சு சுருங்குவதும் சேர்ந்த விளைவு அது. எனவே முன்மாதிரிகள் எல்லாவற்றையும் இரண்டு சதவீதம் பெரிதாக அச்சிடுவதை நிலையான வழக்கமாக்கிக்கொண்டேன். இந்த வேலையைச் சன்னல் திறந்த அறையில், தண்ணீர் எட்டாத மேசையில்தான் செய்ய வேண்டும். ஒரு சொட்டு ஈரம் அச்சுக்குள் இருந்தாலும் உலோகம் தெறிக்கும்.

ராக்கெட்டை மட்டும் முழுதாக வார்க்கவில்லை. 1.9 மீட்டர் மூங்கில் 1/100-இல் 19 மி.மீ. நீளம், கால் மில்லிமீட்டர் தடிமன். வெள்ளீயத்தில் அப்படி ஒன்று வந்தாலும் முதல்முறை விரல் பட்டதும் வளையும். இரும்புக் குழாயை வீரரின் கையோடு 0.9 மி.மீ. விட்டத்தில் வார்த்து, அதன் அடியில் 0.5 மி.மீ. துரப்பணத்தால் குழி போட்டு, 0.4 மி.மீ. எஃகுக் கம்பியைச் செருகி சயனோ பசையால் ஒட்டுகிறேன். குழி உள்ள குழாயும் வெட்டிய கம்பியும் சேர்ந்தே பொட்டலத்தில் போகும். ராக்கெட்டை ஏந்தி நிற்பவர், தரையில் சாய்த்து வைத்துத் திரி கொளுத்துபவர், கட்டாகச் சுமந்து வருபவர் என மூன்று நிலைகள் செய்திருக்கிறேன். 90 சென்டிமீட்டருக்கு அப்பாலிருந்தும் மூவரும் ராக்கெட்காரர்கள்தான் என்று தெரிகிறது.

சீருடை விவரங்களுக்கு ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகையின் சுவரோவியத்தையே முதலில் நாடத் தோன்றும். பெய்லி பல்லக்கில் அமர்ந்திருப்பதும் அருகே வெடிமருந்து வண்டி வெடிப்பதும் அதில் பெரிதாக வரையப்பட்டிருக்கின்றன. ஆனால் 1784-இல் தீட்டப்பட்ட அந்த ஓவியம் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டது. அதை அணிவகுப்புக்கும் வியூகத்துக்கும் சான்றாக எடுத்துக்கொண்டேன், பொத்தான் நிறத்துக்கு எடுத்துக்கொள்ளவில்லை. 1/100-இன் இன்னொரு சலுகை இது. பொத்தான் நிறம் தெரியாத அளவில் பொத்தான் நிறத்துக்காகச் சண்டை வராது.

மரங்களையும் கட்டடங்களையும் அதே விகிதத்தில் செய்ய முயலவில்லை. இருபது மீட்டர்ப் பனை 1/100-இல் 200 மி.மீ. உயரம் வரும், தோப்பாக நட்டால் பட்டாளத்தை நகர்த்தும் கை ஒவ்வொரு முறையும் அதில் இடிக்கும். 120 மி.மீ.க்குக் குறைத்தும் சிப்பாயின் தலைக்கு மேல் ஏழு மடங்கு உயர்ந்து பனையாகவே நிற்கிறது. ஏரிக்கரைக்கு மட்டும் உண்மையான உயரம் கொடுத்திருக்கிறேன், ஏனென்றால் அதன் பின்னால் நிற்கும் படை மறைந்திருக்கிறதா இல்லையா என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

இப்போது அச்சில் இருப்பவை மைசூர்க் குதிரைகள். சந்தையில் இதே அளவில் கிடைக்கும் குதிரைகள் பெரும்பாலும் ஐரோப்பியக் கனரகக் குதிரைப்படைக்காகச் செய்தவை. தோளுயரம் 16 மி.மீ.க்குக் குறைவதில்லை. தக்காணத்துக் குதிரையை 14 கை, அதாவது 1.42 மீட்டர் என்று கொண்டு 14.2 மி.மீ.க்குச் செதுக்கினேன். வேறு தயாரிப்பாளரின் டிரகூன் என்ற ஐரோப்பியக் குதிரைப்படைக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மட்டக்குதிரை போலத் தெரிவதாகக் குழுவில் முறையீடு வந்திருக்கிறது. உயரத்தை மாற்றப் போவதில்லை. சேணத்துக்கு மேல் உட்காரும் வீரரின் தலைப்பாகையை மட்டும் கால் மில்லிமீட்டர் தாழ்த்தி, அடுத்த அச்சில் ஊற்றிப் பார்க்கிறேன்.